அர்பாபின் நல்ல தண்ணீர்க் கிணறு

3 நவம்பர் 1995, வெள்ளி. ராஸ் அல் கைமா

காலையில் பனிமூட்டம். கடை வாசலில் நிறுத்திய பிக்கப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் காலம் ஒருவழியாகப் போனது, அல்ஹம்துலில்லாஹ். தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் விழித்துக்கொண்ட மாதிரி வந்து குவிகிறார்கள். தக்காளி விதை, வெள்ளரி விதை, குழாய், யூரியா. ஜும்ஆத் தொழுகைக்குக் கடையை மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எலி மறுபடியும். வெள்ளரி விதையை மட்டும் தின்கிறது. தக்காளியைத் தொடுவதே இல்லை. துரைக்கு நாக்கு நீளம்.

ஜமீலாவும் குழந்தையும் ஊரிலிருந்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பெட்டியை முழுசாகப் பிரிக்கவில்லை. கேட்டால், "இருக்கப்போறமா போகப்போறமான்னு தெரியட்டும் மச்சான்" என்கிறாள். பாத்திமாவுக்கு நாலு மாதம். தாய்ப்பால் போதாமல் பவுடர் பால்தான். என்னைக் கண்டால் அழுகிறாள். தாடி பிடிக்கவில்லையாம்.

ஜ.வுக்கு இங்கே பிடித்தது ஒன்றே ஒன்று, தண்ணீர். "அதிராம்பட்டினத்துத் தண்ணியவிட நல்லாருக்கே!" இருக்காதா பின்னே, எங்கள் அரபி முதலாளி, அர்பாபின் கிணற்றுத் தண்ணீர். சுற்றிலும் கிணறெல்லாம் உப்பேறிக் கிடக்கும்போது அந்த ஒன்று மட்டும் இனிக்கிறது. மௌத்தான தன் உம்மா பெயரில் அர்பாப் அதை சதக்காவாக, தர்மமாகக் கொடுக்கிறார். தினமும் டேங்கர் வந்து நிரப்பிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் கூலருக்கும் எங்கள் தெருக் கட்டடங்களுக்கும் ஊற்றுகிறது. காசு வாங்குவதில்லை.

என் விசா அவர் பெயரில். கடை லைசென்ஸ் அவர் பெயரில். "நீங்களே அவர் பேர்லதானே இருக்கிய" என்று ஜ. கிண்டல்.

6 நவம்பர், திங்கள்

தண்ணீர் ஆபீசிலிருந்து முஹந்திஸ், அதாவது எஞ்சினீயர், இத்ரீஸ் வந்தார். சூடான்காரர். நெட்டையான ஆள், சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. பேசிக்கொண்டே உடைத்து உடைத்துக் கொடுப்பார், வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் சமவெளி முழுக்க விவசாயம் செய்கிற விதத்தையே மாற்றப் போகிறார்களாம். ஒரு தோட்டம் இரண்டு தோட்டம் இல்லை, மலையடிவாரம் தொடங்கிக் கடல் ரோடு வரை எல்லாம். "மேலேதான் வேலி. கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணீர்" என்றார். அரபியில் அவர் சொன்னது எனக்கே புரிந்துவிட்டது.

அவர் சொன்னவை, மறப்பதற்குள்:
– வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கட்டுவது கூடாது. எல்லாம் சொட்டுக் குழாய்.
– உரத்தை அள்ளி வீசக் கூடாது. வீசுவதில் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. டிரம்மில் கரைத்துக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக.
– கோழி எருவைக் கிணற்றுப் பக்கம் குவிக்கக் கூடாது.
– பூச்சிமருந்து டின்னைக் கிணற்றடியில் கழுவக் கூடாது. (கழுவி என்ன செய்கிறார்கள்? குடிதண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்! சொன்னால் சிரிக்கிறார்கள்.)

அதற்கு நான் எதற்கு? அதையும் அவரே சொன்னார். "நான் சொன்னால் தலையாட்டுவார்கள். கடைக்காரன் சொன்னால் செய்வார்கள்." உண்மைதான். பாகிஸ்தான் பட்டாணி, பங்களாதேஷி, நம்மாட்கள், எவனாக இருந்தாலும் எந்த உரம் எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்கிறான். யூரியா விற்பவனே யூரியாவைக் குறை என்று சொல்ல வேண்டும். நல்ல வேடிக்கை. குழாய் விற்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அர்பாப் வீட்டு மஜ்லிஸ் கூடத்தில் பேச்சு. மற்ற தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நொண்டிச் சாக்கு. கடைசியில் அர்பாப் எழுந்து, "முதலில் என் தோட்டத்தில் போடுங்கள். என்னைப் பார்த்து இவர்கள் போடுவார்கள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நெய்னா, இந்த வாரமே. யல்லா."

ஐவா என்றேன். அவரிடம் 'ஆகட்டும்' தவிர நான் வேறு எதுவும் சொன்னதாக நினைவில்லை.

9 நவம்பர், வியாழன்

அர்பாப் தோட்டத்தில் குழாய் பதித்தோம். முதுகு கழன்றுவிட்டது. எஞ்சின் பார்க்கும் முத்தையாதான் பாதி வேலை செய்தார். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், இந்தத் தோட்டத்துக்கே நேர்ந்துவிட்ட மாதிரி உழைக்கிறார். எஞ்சின் பக்கத்தில் மேடை கட்டி உர டிரம்மை ஏற்றினோம். டிரம்மிலிருந்து சின்னக் குழாய் வந்து பெரிய குழாயில் சேரும். எஞ்சின் ஓடும்போது உரத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்குப் போகும்.

ஒரு குறை. தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் வால்வு, நான்-ரிட்டர்ன் வால்வு, இருக்கும் பெட்டி துபாய் துறைமுகத்தில் கிடக்கிறது. பேப்பர் ஏதோ சரியில்லையாம். அர்பாபிடம் அடுத்த வாரம் வரை பொறுங்கள் என்று ஆரம்பித்தேன். "குழாய் இருக்கிறதா? எஞ்சின் இருக்கிறதா? கலாஸ், போதும், ஓட்டு" என்றார். வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். மற்ற தோட்டங்களுக்குப் பெட்டி வந்த பிறகுதான்.

மத்தியான லுஹர் பாங்கு சத்தம் கேட்ட நொடியே முத்தையா ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார். நான் குழாயைப் பிடித்தபடி நிற்கிறேன், தண்ணீர் நின்றுவிட்டது. அர்பாபின் கட்டளையாம். பாங்கு சொல்லும்போது டீசல் எஞ்சின் தடதடக்கக் கூடாது. "அவுக தொழுகைக்கு நான்தான் பாய் அலாரம்" என்று முத்தையா சிரித்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது. நானும் தொழுகைக்குக் கை கால் கழுவி, ஒளு செய்துவிட்டுப் போனேன்.

பாத்திமாவுக்கு லேசாகச் சளி.

14 நவம்பர், செவ்வாய்

வால்வுப் பெட்டி வரவில்லை. துபாய்க்குப் போன் போட்டால் "இன்ஷா அல்லாஹ் பாய்" என்கிறான். அவன் இன்ஷா அல்லாஹ் சொன்னால் வராது என்று அர்த்தம்.

காலையில் அர்பாப் தோட்டம். வெள்ளரி இலை வெளுத்துக் கிடக்கிறது. முத்தையாவிடம் கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் டிரம்மை நிரப்பி எஞ்சினைப் போடுகிறாராம். "அதெல்லாம் டிரம்மு சுத்தமா காலியாயிருது பாய். மூணு மணி அஸரு தொழுகை முடிஞ்சு வந்து பாத்தா ஒரு சொட்டு இருக்காது. செடி நல்லாத்தான் இழுக்குது."

இழுத்தும் வெளுத்திருக்கிறது என்றால் போதவில்லை. இரண்டு பங்காகப் போடச் சொன்னேன். கரையும் வெள்ளை உரம், இறக்குமதிச் சரக்கு. நானே இரண்டு மூட்டை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். டாக்டர் மாதிரி நடை வேறு.

முடி வெட்டிக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டான்.

18 நவம்பர், சனி

மணல் காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை.

முஹந்திஸ் கடைக்கு வந்தார். வேர்க்கடலை இல்லை. அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. போன வாரம் எடுத்த கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை வந்திருக்கிறது. எல்லாக் கிணறும் பழைய கதைதான். அர்பாப் கிணற்றில் மட்டும் நைட்ரேட் மளமளவென ஏறியிருக்கிறது. உரத்திலும் எருவிலும் இருக்கும் சமாச்சாரம் அது, தண்ணீரில் கலந்தால் ருசியும் காட்டாது, வாடையும் காட்டாது.

"சின்னக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. பால் பவுடரை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் காற்றைச் சுமக்காது. உதடும் நகமும் நீலமாகும்" என்றார். சும்மா தகவலாகத்தான் சொன்னார். என் வீட்டில் நாலு மாதக் குழந்தை இருப்பதும், அந்தத் தண்ணீர் டேங்கரில் எங்கள் தெருவுக்கு வருவதும் அவருக்குத் தெரியாது.

பக்கத்துத் தோட்டத்தில் மலை மாதிரிக் குவிந்திருக்கும் கோழி எருதான் காரணம் என்று இருவரும் முடிவு செய்தோம். போய்ச் சண்டை. அந்த அர்பாப் கத்த, முஹந்திஸ் கத்த, நடுவில் என் அரைகுறை அரபியும். கடைசியில் எருவை அகற்ற ஒப்புக்கொண்டார். நான்தான் ரொம்ப சத்தம் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்திமாவின் நகத்தைப் பார்த்தேன். ரோஸ். உதடு ரோஸ். ஜ.விடம், "தண்ணியக் கொதிக்க வச்சுத்தானே கொடுக்குறே?" என்று கேட்டேன். "நல்லா, தளதளன்னு கொதிக்கவச்சு" என்றாள். நிம்மதி.

20 நவம்பர், திங்கள்

முஹந்திஸுக்குப் போன். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாதாம். தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சத்தில் இன்னும் ஏறுமாம்.

பாட்டில் தண்ணீர் இரண்டு அட்டைப் பெட்டி வாங்கிப் போனேன். "டேங்க் கழுவுறாங்க, ரெண்டு நாளைக்கு இதுதான்" என்று ஜ.விடம் பொய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தாள்.

குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம், சளிக்கு என்று சொல்லி. டாக்டரம்மா ஒன்றுமில்லை என்றார். நகத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். நல்லா இருக்கு என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். ஜ. என்னைக் கிள்ளினாள்.

21 நவம்பர், செவ்வாய்

இன்று மத்தியானம் அர்பாப் தோட்டத்துக்குப் போனேன். எப்போதும் காலையில்தான் போவேன். கடையில் உட்கார முடியவில்லை, அதனால்தான் போனது.

முத்தையா டிரம்மை வழிய வழிய நிரப்பினார். எஞ்சின் ஓடியது. உரத் தண்ணீர் நூல் மாதிரி இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அஸர் பாங்கு. முத்தையா எஞ்சினை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போனார். நான் ஒளு செய்ய வாளியைத் தேடி டிரம் பக்கம் போனேன்.

கடகடவென்று ஒரு சத்தம். பார்த்தால் டிரம்மில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. எஞ்சின் ஓடவில்லை, ஆனால் இறங்குகிறது. கையை விட்டுப் பார்த்தேன், உறிஞ்சுகிறது. செடிக்குப் போகும் குழாயில் கை வைத்தேன். அசைவே இல்லை.

எஞ்சின் நின்றதும் குழாயில் இருந்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பி விழுகிறது. விழும்போது டிரம்மில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. தடுக்க வால்வு இல்லை. வால்வு துபாயில். ஒவ்வொரு நாளும் ஒரு டிரம் உரம், நேரே கிணற்றுக்குள். செடி வெளுத்தது உரம் போகாததால். அதற்கு நான் சொன்ன வைத்தியம், இரண்டு பங்கு.

பழைய முறையில் உரத்தை மண்ணில் வீசும்போது எஞ்சினை எப்போது நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. புதிய முறையில் முதலில் டிரம் குழாயை மூட வேண்டும், பிறகுதான் எஞ்சின். அதை முத்தையாவுக்குச் சொல்லிக் கொடுத்தேனா? இல்லை. எஞ்சினை எதற்கெல்லாம் நிறுத்துவார் என்று யோசித்தேனா? அன்று லுஹருக்கு என் கண்ணெதிரேதான் நிறுத்தினார். ரசித்துக்கொண்டு நின்றேன்.

முத்தையா டீயோடு வந்தார். "என்ன பாய், ஒரு மாதிரி இருக்கீங்க?" டிரம் குழாயை இறுக்கி மூடினேன். இனிமேல் நான் சொல்லாமல் திறக்கக் கூடாது என்றேன். "நான் ஏதும் தப்பா செஞ்சுட்டனா பாய்?" "இல்ல முத்தையா. நீங்க இல்ல."

அஸர் தொழுதேன். எத்தனை ரக்அத் என்று தெரியவில்லை.

22 நவம்பர், புதன்

யாரிடமும் சொல்லவில்லை. டிரம்மை மூடியாயிற்று, இனி மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் அர்பாப் விசாவை ரத்து செய்வார். ஜ., குழந்தை, நான், மூவரும் அடுத்த விமானம். பூசி மெழுகிவிடலாம், கோழி எருவின் மேல் பழி ஏற்கெனவே இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் பாட்டில் தண்ணீர்ப் பெட்டி பாதி காலி. ஜ. மேல் வீட்டு மலையாளப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டிலும் கைக்குழந்தை.

"அவங்களுக்கு எதுக்கு?"

"அப்ப நமக்கு எதுக்கு மச்சான்?"

அவளே சொன்னாள். "டேங்க் கழுவல. நான் மொட்டமாடிக்கு ஏறிப் பாத்துட்டேன். தண்ணியில என்னமோ இருக்கு. நம்ம புள்ளைக்கு ஆகாதுன்னா மேல் வீட்டுப் புள்ளைக்கு ஆகுமா? சொல்லுங்களேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு (பாட்டில் தண்ணீரில், பார்த்தேன்) கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டப் போனாள். என்னைக் கேட்கவில்லை. நான் தடுக்கவும் இல்லை.

23 நவம்பர், வியாழன்

விடிந்ததும் டேங்கர் டிரைவர் குல் கானைப் பிடித்தேன். பட்டாணி. "இன்று நிரப்பாதே பாய்" என்றேன். "கியோன், ஏன்? அர்பாப் சொல்லட்டும், நிறுத்துகிறேன். பள்ளிவாசல் கூலர் காலி, ஜனம் என்னை அடிக்கும்." அவன் சொல்வதும் நியாயம்.

அர்பாப் வீட்டு வாசலில் ரொம்ப நேரம். செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக. உள்ளே கூப்பிட்டார்கள். அர்பாப் கஹ்வாக் காபி கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் அரபி ஓட்டை, ஆனால் அவருக்குப் புரிந்தது. வால்வு, டிரம், பாங்கு நேரம், இரண்டு பங்கு.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் உம்மாவின் தண்ணீர்" என்றார். அவ்வளவுதான். தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை குழந்தை குடித்தது?" தெரியாது என்றேன். "உன் குழந்தை?" குடித்தது என்றேன்.

எழுந்து குல் கானுக்கு ஆள் அனுப்பினார். டேங்கர் நின்றது. பள்ளிவாசல் கூலரில் காகிதம் ஒட்டினார்கள். முஹந்திஸை வரவழைத்தார். கிணற்றைச் சுத்தம் செய்ய ஒரே வழி, இறைத்து இறைத்து வெளியே தள்ளுவது என்றார் முஹந்திஸ். ராவும் பகலும், நிறுத்தாமல். நிறுத்தினால் கெட்டது பக்கத்துக் கிணறுகளுக்கும் பரவும்.

"நிறுத்தாமலா?" என்று அர்பாப் கேட்டார். "நிறுத்தாமல்." "பாங்குக்கும் ஓடட்டும்" என்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

லுஹருக்கு எஞ்சின் ஓடியது. முத்தையாவின் கை பழக்கத்தில் எஞ்சினை நிறுத்தும் கம்பிக்குப் போய்விட்டது. பிறகு இழுத்துக்கொண்டார். பாங்கு கேட்கவே இல்லை. தண்ணீர் உப்புத் தரைப் பக்கம் மணலில் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி மாதிரி.

என் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். "கிணறு சரியானதும் முதல் தண்ணீர் உன் குழந்தைக்கு. உன் கையால். அதற்கப்புறம்தான் பள்ளிவாசலுக்கு. அதுவரை நீ எங்கும் போகக் கூடாது."

ஐவா என்றேன்.

26 நவம்பர், ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. குழாய் போட ஒப்புக்கொண்ட தோட்டக்காரர்கள் கடைக்கு வந்து, "உன் குழாய் கிணற்றைக் கெடுக்கும். எங்களுக்கு வாய்க்காலே போதும். யூரியா கொடு" என்கிறார்கள். மூட்டை மூட்டையாக. இவ்வளவு வியாபாரம் எனக்கு எப்போதும் நடந்ததில்லை.

கடையைப் பூட்டிவிட்டு முஹந்திஸோடு தோட்டம் தோட்டமாக. கெடுத்தது குழாய் இல்லை, குழாயை மாட்டிய நான் என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். முதல் இடத்தில் தட்டுத் தடுமாறினேன். நாலாவது இடத்தில் ஏதோ கதை சொல்கிற மாதிரி வந்துவிட்டது. அது இன்னும் மோசம்.

வால்வுப் பெட்டி வந்துவிட்டது. இன்று. சரியாக இன்று!

28 நவம்பர், செவ்வாய்

தூக்கம் பிடிக்கவில்லை, பகலிலும். எங்கே உட்கார்ந்தாலும் எஞ்சின் சத்தம் கேட்கிற மாதிரி. இங்கிருந்து கேட்காது, தெரியும்.

புதிய விதி ஒன்று எழுதி, கடையில் இருக்கும் உர டிரம்களில் பெயிண்டில் படம் போட்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். சிவப்புக் கை: முதலில் டிரம் குழாயை மூடு. கறுப்புக் கை: பிறகு எஞ்சினை நிறுத்து. அஸருக்குப் பிறகுதான் உரம் கரைக்க வேண்டும், சூரியன் மறையும் மஃரிபுக்குள் முடிந்துவிடும், நடுவில் எந்தப் பாங்கும் வராது. முஹந்திஸ் பார்த்துவிட்டு எல்லாத் தோட்டத்துக்கும் இதையே போடச் சொன்னார். என் கை ஓவியம் நண்டு மாதிரி இருக்கிறது.

பள்ளிவாசலில் ஒரு கிழவர், "கூலர் எப்போது வரும்?" என்றார். பக்கத்திலிருந்தவர் என்னைக் காட்டினார். "இவர் குழந்தை குடித்ததும்."

2 டிசம்பர், சனி

தேசிய நாள். ரோடெல்லாம் கொடி. ஹாரன் சத்தம். பாத்திமா கொடியைப் பார்த்துச் சிரித்தாள்.

மளிகைக் கடைக்காரர் கேட்டார், புள்ள குடிச்சாச்சா காக்கா? சலூன்காரன் கேட்டான். குல் கான் தினமும் கேட்கிறான், "பேட்டி நே பியா?" தெருவே என் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் தாகம்.

ஜ. சொன்னாள், "எம் புள்ளைய வச்சா தண்ணிக்கு முத்திரை குத்துறது?" அர்பாபைத் திட்டினாள். என்னையும். பிறகு, "அவர் சொல்றதுலயும் தப்பில்ல" என்றாள். எதிலும் நிற்க மாட்டேன் என்கிறாள், என்னை மாதிரியே.

5 டிசம்பர், செவ்வாய்

சோதனை: குறைந்திருக்கிறது. போதாது. மூன்று தோட்டத்தில் வால்வோடு குழாய் மாட்டினேன். ஒவ்வொன்றிலும் எஞ்சினை நிறுத்தி, டிரம் பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. தோட்டக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

7 டிசம்பர், வியாழன்

காலையில் முஹந்திஸ் போன். "பெரியவர்கள் தாராளமாகக் குடிக்கலாம்." கைக்குழந்தை? கொஞ்சம் தயங்கினார். "எல்லைக்கோட்டில் நிற்கிறது. அனேகமாக ஒன்றும் ஆகாது." அனேகமாக. அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

அதற்குள் அர்பாபுக்குச் செய்தி போய்விட்டது. அஸருக்குப் பின் குடும்பத்தோடு வரச் சொல்லி ஆள் வந்தது. ஜ. பால் பாட்டிலைத் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டாள்.

எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த அமைதி காதை அடைத்தது. கிணற்றடியில் கூட்டம். பள்ளிவாசல் இமாம், பக்கத்துத் தோட்டத்து அர்பாபுகள், முஹந்திஸ், முத்தையா, குல் கான் காலி டேங்கரோடு. அர்பாப் புது கந்தூரா அங்கி போட்டிருந்தார். ஜ.விடமிருந்து பாட்டிலை வாங்கிக் கழுவி, தன் கையாலேயே நிரப்பி என்னிடம் கொடுத்தார். பவுடர் டப்பா ஜ. மடியில். அவள் பிக்கப்பில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை தூக்கத்தில். நான் போய் நின்றேன். அவள் கையை நீட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. கெட்டுக் கிடந்த அன்றைக்கும் இப்படித்தான் தெளிவாக இருந்தது.

அர்பாபுக்கு முன்னால் வந்து நின்றேன். என் விசா, கடை, அத்தனை பேர் தாகம், எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள். "லா", மாட்டேன் என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். "லா, அர்பாப். அனேகமாக என்றால் நான் கொடுக்க மாட்டேன். பள்ளிவாசலுக்கும் திறக்காதீர்கள். அங்கே வருகிறவர்கள் வீட்டுக்குக் கேன் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்."

இமாம் முகம் சுளித்தார். யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். முஹந்திஸ் தரையைப் பார்த்தார்.

அர்பாப் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். மெதுவாக மணலில் கவிழ்த்தார். முழுசும் வடியும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு முத்தையா பக்கம் திரும்பி, "சக்கல்" என்றார். முத்தையா எஞ்சினைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. குல் கான் காலி டேங்கரைத் திருப்பினான்.

அர்பாப் காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார், "அடுத்த சோதனைக்கும் வா. இதையும் கொண்டு வா."